கர்த்தரின் அரிசியில் ஒரு வெனிஸ் காசு

என் கணவர் வேதசிரோமணிக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது, மூக்குப்பொடி கூடக் கிடையாது. பெண் பார்க்க வந்தபோது அவர்கள் வீட்டில் இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பெருமைப்பட்டார்கள். பழைய காசுப் பைத்தியம் என்பதை மட்டும் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. தாம்பரம் ஸ்டேஷனில் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு மின்சார ரயில் பிடித்து மூர் மார்க்கெட்டுக்குப் போய், தேய்ந்த செப்புக் காசுகளைப் பொறுக்கிக்கொண்டு வருவார். எண்பத்தைந்தில் மூர் மார்க்கெட் எரிந்தபோது வீட்டில் சாவு விழுந்த மாதிரி மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் ஐந்தாம் வகுப்பு டீச்சர். நாற்பத்தெட்டுப் பிள்ளைகள் என் ஒரு முறைப்புக்கு அடங்குவார்கள். இந்த ஒரு மனிதர் அடங்கியதில்லை.

எண்பத்தெட்டு ஜனவரியில் ஒரு நாள் காலை, அஞ்சம்மாள் பால் ஊற்ற வந்தாள். சேலையூரில் எங்கள் வீடு இருக்கும் மனையே அவள் புருஷன் தசரதனுடைய நிலம்தான். எல்லாவற்றையும் மனை போட்டு விற்ற பிறகும் இரண்டு எருமைகளை மட்டும் விடாமல் வைத்திருந்தாள். குனிந்து ஊற்றும்போது அவள் தாலிக் கயிறு வெளியே வந்து தொங்கியது. அதில் தாலியோடு ஒரு தங்கக் காசும் கோத்திருந்தது. இவர் அதைப் பார்த்துவிட்டார். காப்பி டம்ளரைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அவள் எதிரில் போய் நின்று, "அம்மா, அந்தக் காசை ஒரு நிமிஷம் காட்டுங்க" என்றார். இன்னொருத்தி கழுத்துத் தாலியை உற்றுப் பார்க்கிற புருஷனை என்ன செய்வது? எனக்கு மானம் போயிற்று.

அஞ்சம்மாள் சிரித்தாள். "இது ராமர் காசு சார். எங்க மாமியார் எனக்குக் கட்னது. அவங்களுக்கு அவங்க மாமியார். இதோ ராமர், இதோ சீதம்மா, நடுவுல வில்லு. தோ வர்ற மாசி ரெண்டாம் தேதி எங்க புள்ள சம்பத்துக்குக் கல்யாணம். வர்றவ கயித்துல கோக்கணும். படப்பைப் பொண்ணு வூட்டுக்காரங்க வேற எதைக் கேக்கலன்னாலும் இதைக் கேட்டுக்கினே கீறாங்க" என்றாள்.

அவள் போன பிறகு இவருக்கு இருப்பு கொள்ளவில்லை. அது ராமருமில்லை சீதையுமில்லையாம். ஐரோப்பாவில் வெனிஸ் என்று கடலுக்குள் ஒரு நகரமாம். முன்னூறு, நானூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே அடித்த காசாம். மிளகு வாங்க வந்த கப்பல்களில் ஏறி நம் கரைக்கு வந்ததாம். ஒரு பக்கம் நிற்கிறவர் பரிசுத்த மாற்கு, அவர் முன்னால் முழங்காலில் இருப்பவர் அந்த நகரத்துத் தலைவர், நடுவில் இருப்பது வில் இல்லை, கொடிக்கம்பம். மறு பக்கம், நட்சத்திரங்களுக்கு நடுவே நிற்பது சாட்சாத் இயேசு கிறிஸ்து. "மிஷின் கிடையாது மெட்டில்டா. கீழே ஒரு அச்சு, மேலே ஒரு அச்சு, நடுவுல தங்கத் தகடு, ஓங்கி ஒரே சுத்தியல் அடி. அதனாலதான் ஒரு காசு மாதிரி இன்னொண்ணு இருக்காது. வட்டமும் சரியா இருக்காது, எழுத்துல பாதி தகட்டுக்கு வெளியே போயிடும்" என்றார். அந்தப் பாதி எழுத்துத்தான் பிரச்சினை. எந்தத் தலைவரின் பெயர் என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். அதற்குக் காசு கையில் வேண்டுமாம்.

கெஞ்சினார். அஞ்சம்மாள் எப்படியும் புதுக் கயிறு மாற்றுவதற்காகக் காசைக் கழற்ற வேண்டியிருந்தது. கழற்றியவள் மனசு இளகி இவரிடம் கொடுத்துவிட்டாள். "பத்தே நாள் சார். எங்க வூட்டுக்காரருக்கு நான் குடுத்தது தெரியாது. தெரிஞ்சா வெட்டிப் போட்ருவாரு. கல்யாண வூட்ல என்னிய நாறடிச்சிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தசரதன் கோபம் தெருவுக்கே தெரியும்.

நாலைந்து நாள் இவர் பூதக்கண்ணாடியும் கையுமாக இருந்தார். நான் சமையலைப் பார்த்தேன், பள்ளிக்கூடத்தைப் பார்த்தேன். எட்டாம் நாள் மாலை ஆபீஸிலிருந்து வந்தவர் நேராகச் சமையலறைக்குள் போனார். அலமாரிக்கு அடியிலிருந்த எவர்சில்வர் தூக்குக்குள் கையை விட்டார். துழாவினார். தூக்கைக் கவிழ்த்தார். அடியில் இரண்டு பிடி அரிசி இருந்தது, அவ்வளவுதான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இதுல இருந்த அரிசி எங்கே?"

"சனிக்கிழமை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. மாசத்துல கடைசிக்கு முந்தின சனிக்கிழமை எடுப்பாங்க, தெரியாதா?"

"காசை அதுலதான் வச்சிருந்தேன்."

அந்தத் தூக்கு கர்த்தருடைய அரிசி இருக்கும் தூக்கு. எங்கள் சபையில் எல்லா வீட்டிலும் உண்டு. சோறு வைக்க அரிசி எடுக்கும்போது ஒரு கைப்பிடியை ஆண்டவருக்கென்று தனியாகப் போட்டு வைக்க வேண்டும். மாதம் ஒரு சனிக்கிழமை பெண்கள் சங்கத்தின் சார்பில் கோயில் கூட்டுகிற சாராள் வந்து வாங்கிக்கொண்டு போவாள். ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு அதை ஏலம் விட்டு ஊழியத்துக்கு அனுப்புவார்கள். கல்யாணமான நாளிலிருந்து நான் ஒரு நாளும் தவறியதில்லை.

"ஏன் அதுல போய் வச்சீங்க?" என்று கத்தினேன்.

பக்கத்துத் தெருவில் இரண்டு வீட்டில் பீரோவை உடைத்தார்களே, அந்த பயமாம். நாங்கள் சாப்பிடுகிற அரிசி டிரம்மில் வைத்தால் நான் படியோடு அள்ளி உலையில் போட்டுவிடுவேனாம். "அந்தத் தூக்குல நீ போடத்தானே செய்வே, எடுக்க மாட்டியே. அதைவிட பத்திரமான இடம் ஏது? துணியில சுத்தினா உரசிப் போகும்னு அப்படியே அரிசிக்குள்ள புதைச்சேன்" என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. அன்றைக்கு நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

அந்த ஞாயிறு ஏலத்தில் மொத்த அரிசியையும் எடுத்தவர் வில்பிரட். பொத்தேரியில் காலேஜ் பையன்களுக்கு மெஸ் நடத்துகிறவர். தூக்கைக் கவிழ்த்த மறுநாளே லீவு போட்டுவிட்டு இருவரும் பஸ் ஏறினோம். நல்லவேளை, மூட்டையை அவர் இன்னும் பிரிக்கவில்லை. தூக்கில் மூக்குத்தி விழுந்துவிட்டது என்று ஒரு பொய் சொன்னேன். வில்பிரட் பாயை விரித்துக் கொட்டினார். நான்கு மணி நேரம் பிடி பிடியாகத் தள்ளிப் பார்த்தோம். மெஸ் பையன்கள் வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள். "எல்லாம் முதல் தரம் பொன்னி, சிஸ்டர். சபை அரிசின்னா கண்ணை மூடிக்கிட்டு எடுப்பேன்" என்றார் வில்பிரட். காசு இல்லை. என் முழங்கால் இரண்டும் மரத்துப் போயிருந்தன.

திரும்பி வந்தால் வாசலில் அஞ்சம்மாள் நின்றுகொண்டிருந்தாள். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். "இன்னா சார், எழுத்தைப் படிச்சிட்டீங்களா?" என்றாள். நான் முந்திக்கொண்டு, "திங்கட்கிழமை கொடுத்துடறோம் அஞ்சம்மா, ஒரு புத்தகம் வர வேண்டியிருக்கு" என்றேன். ஒரே நாளில் இரண்டு பொய். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். போகும்போது காசில்லாத தாலிக் கயிற்றை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. தங்கமாக எடுத்துப் புதிதாகச் செய்து கொடுத்துவிடலாமே என்று இவரிடம் சொன்னேன். இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒரே அடியில் பிறந்த காசை இன்னொரு தடவை யாரால் செய்ய முடியும்? அதன் விளிம்பு எங்கே நெளியும், துளை எங்கே இருக்கும் என்று அஞ்சம்மாளுக்கு இருட்டிலும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனோம். ஜெபம் பண்ணக்கூட வாய் வரவில்லை. பிரசங்கத்துக்கு முன்னால் ஆயர் ஜெபசீலன், "சாட்சி சொல்கிறவர்கள் சொல்லலாம்" என்றார். வழக்கமாகச் சொல்கிற இரண்டு பேர் சொன்னார்கள். பிறகு கடைசி வரிசையிலிருந்து சாராள் எழுந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் எழுந்து நான் பார்த்ததில்லை. தலையில் முக்காடு போட்டிருந்தாள்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எம் பொண்ணு சுகிர்தத்துக்கு ஈஸ்டர் முடிஞ்சதும் கல்யாணம் பேசிக்கீது. தாலிக்குக் குந்துமணி தங்கம் இல்ல. யார்கிட்டயும் கேக்க வாய் வரல. ஆண்டவர்கிட்ட மட்டும் கேட்டேன். போன வாரம் கைப்பிடி அரிசிய மொறத்துல போட்டுப் பொடைச்சிகினு இருந்தேன். அரிசிக்குள்ளேர்ந்து காசு. தங்கக் காசு. அதுல இயேசப்பா நிக்கிறாரு, சுத்தி நட்சத்திரம். நம்ம கவருமெண்டு காசு மாதிரி வட்டமா இல்ல. மிஷின்ல அடிச்சதே இல்ல. கையால அடிச்ச காசு. பரலோகத்துல ஏது மிஷின்? ஆண்டவரே தன் கையால அடிச்சி அனுப்பியிருக்காரு."

கோயில் முழுக்க ஸ்தோத்திரம், அல்லேலூயா என்று சத்தம் எழுந்தது. பெண்கள் பக்கம் பாதிப் பேர் அழுதார்கள். ஆயர் மேடையிலிருந்தே, காசைத் தானும் பார்த்ததாகவும், அது தங்கம்தான் என்றும், நாளைக்கு ஆசாரியிடம் கொடுத்துத் தாலிக்கு உருக்கப்போவதாகவும் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாளைக்கு உருக்கப் போகிறார்கள். ஆண்கள் பக்கம் இவர் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். தொலைந்தது கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்படுவதா, கிடைத்த இடத்தை நினைத்து அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

வெளியே வரும்போது பெண்கள் சங்கத் தலைவி ரத்தினபாய் அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார். கண் கலங்கியிருந்தது. எதற்கென்று புரியவில்லை, புரிந்துகொள்கிற நிலையிலும் நான் இல்லை.

வீட்டுக்குக்கூடப் போகாமல் ரிக்‌ஷா பிடித்து இரும்புலியூருக்குப் போனோம். ஏரிக்கரை ஓரமாக ஓலைக் கூரை வீடு. சாராள் அடுப்பில் எதையோ வைத்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் பதறிப்போனேன்.

"வருவீங்கன்னு தெரியும்மா. சபையில உங்க பேரு நாக்கு நுனி வரைக்கும் வந்திச்சி. பேரு வெளிய தெரியக் கூடாதுன்னுதானே அரிசிக்குள்ள போட்டு அனுப்பினீங்க? அதான் அடக்கிக்கினேன். உங்க கையைத்தானேம்மா ஆண்டவர் தன் கையா வச்சிக்கினாரு."

"எங்க வீட்டு அரிசின்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"தெரியாம இன்னாம்மா? சங்கத்துல எனக்குக் குடுக்கிறதே உங்க வூட்டு அரிசிதானே. மத்த வூடெல்லாம் பொன்னி. அதுல ரேஷன் அரிசி கலந்தா ஏலத்துல போவாதுன்னு ரத்தினபாய் அம்மா சொல்லிட்டாங்க. 'மெட்டில்டா வீட்டு அரிசியத் தனியாக் கட்டி நீயே எடுத்துக்கோ'ன்னு. ஆறு வருசமா அதான் எங்களுக்குச் சோறு. வாசனை ஒண்ணுதான் கொஞ்சம் அடிக்கும், கல்லும் இருக்கும். கல்லு பொறுக்குறப்பதான் மின்னிச்சி."

அவள் குறையாகச் சொல்லவில்லை. நன்றியோடு சொன்னாள். எனக்குத்தான் முகத்தில் வெந்நீரை ஊற்றிய மாதிரி இருந்தது.

ஆமாம். நாங்கள் சாப்பிட்டது பொன்னி. கார்டுக்குப் போடுகிற ரேஷன் அரிசியை வாங்காமல் விட மனசு வராது. வாங்கினால் சாப்பிட முடியாது. அதனால் ஒவ்வொரு நாளும் எங்கள் உலைக்குப் பொன்னியை எடுத்துவிட்டு, கர்த்தருடைய தூக்கில் ரேஷன் அரிசியில் ஒரு பிடி போட்டேன். பெரிய மூட்டையில் கலந்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன். ஆண்டவர் அரிசியையா பார்க்கிறார், மனசைத்தானே பார்க்கிறார் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். ஆறு வருஷமாகச் சங்கத்துப் பெண்கள் அத்தனை பேருக்கும் இது தெரிந்திருக்கிறது. அவர்களோடுதான் ஒவ்வொரு வியாழக்கிழமையும் உட்கார்ந்து காணிக்கை கொடுப்பதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். ரத்தினபாய் அக்கா எதற்குக் கையை அழுத்தினார் என்பதும் அப்போது புரிந்தது. காசை நான்தான் கொடுத்தேன் என்று அவரும் நம்பிவிட்டார்.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இவருக்கு இது தெரியாது. அரிசிக்குள் கையை விட்டுக் காசைப் புதைத்தவருக்கு என்ன அரிசி என்று பார்க்கத் தெரியவில்லை.

"சாராள், அது வந்து..." என்று இவர் ஆரம்பித்து நின்றுவிட்டார். நான் சொன்னேன். காசு எங்களுடையது இல்லை, சேலையூரில் ஒரு அம்மாவுடைய தாலிக் காசு, பத்திரத்துக்காக இவர் அதில் வைத்தார், எனக்குத் தெரியாமல் அரிசியோடு வந்துவிட்டது, மாசி ரெண்டாம் தேதி அந்த வீட்டில் கல்யாணம். எல்லாவற்றையும் வேகமாகச் சொல்லி முடித்தேன். சாராள் முகத்தில் இருந்த சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று.

"அப்போ நீங்க குடுக்கலியாம்மா?"

"இல்லை."

"தாலிக் காசா?" அவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். "ஐயோ, இன்னொருத்தி தாலிய உருக்க இருந்தேனே பாவி." உள்ளே போய்ப் பைபிளுக்குள்ளிருந்து காசை எடுத்து வந்து இவர் கையில் வைத்தாள். ஒரு நொடி யோசிக்கவில்லை. கதவோரம் நின்றிருந்த சுகிர்தம் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள். நான் என் விரல் மோதிரத்தைக் கழற்றி நீட்டினேன். சாராள் பின்னால் நகர்ந்தாள். "வேணாம்மா. நீங்களா நெனச்சிக் குடுத்திருந்தீங்கன்னா வாங்கிகினு இருப்பேன். இப்ப வாங்கினா, திருப்பிக் குடுத்ததுக்குக் கூலி வாங்கின மாதிரி ஆயிடும்."

மோதிரத்தை மறுபடி போட்டுக்கொண்டேன். போடும்போது விரல் முட்டியில் சிக்கியது. இவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாங்கள் கிளம்பும்போது சாராள் வாசல் வரை வந்தாள். அவளுக்குத் தங்கம் போனதைவிட வேறொன்று மனசில் இருந்தது. "சபையில நான் சொன்னதை இன்னா பண்றதும்மா? கர்த்தர் வூட்ல நின்னுகினு பொய் சாட்சி சொல்லிட்டேனே. அத்தினி பேரும் அல்லேலூயா சொன்னாங்களே."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். அடுத்த ஞாயிறு நானே எழுந்து நடந்ததைச் சொல்றேன். உன்மேல ஒரு தப்பும் இல்லைன்னு சொல்றேன்" என்றேன். அவள் நம்பினாள். நானும் நம்பினேன். சத்தியமாக நம்பினேன்.

ரிக்‌ஷாவில் இவர் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "ரேஷன் அரிசியா மெட்டில்டா?" எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு கோபம். உங்கள் காசுப் பைத்தியத்தால்தானே இத்தனையும் என்று ஆரம்பித்து வீடு வரும்வரை நிறுத்தவில்லை. ரிக்‌ஷாக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

திங்கட்கிழமை காலை அஞ்சம்மாள் வந்தாள். காசை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விளிம்பை விரலால் தடவி, கண்ணில் ஒற்றி, முந்தானையில் முடிந்துகொண்டாள். "இன்னா சார், எந்த ராசா காசு?" என்று கேட்டாள். இவர், "பேர்ல பாதி இல்லையேம்மா, தெரியல. ஆனா நல்ல ராஜாவாத்தான் இருக்கணும்" என்றார். அவள் பத்திரிகையை நீட்டி இரண்டு பேரும் கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். வெட்டு, குத்து என்று எதுவும் இல்லாமல் அந்தப் பக்கம் முடிந்தது. எனக்கு உயிர் வந்தது. அதோடு நின்றிருக்கலாம்.

வியாழக்கிழமை சங்கக் கூட்டம். உள்ளே நுழைந்ததும் ஏதோ மாறியிருப்பது தெரிந்தது. எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். ஆரம்ப ஜெபம் என்னைச் செய்யச் சொன்னார்கள். கூட்டம் முடிந்ததும் ரத்தினபாய் அக்கா என்னை ஓரமாகக் கூட்டிப்போய்த் தோளில் கையைப் போட்டார். "உன்னை ஆறு வருஷமா தப்பா நினைச்சுட்டேன் மெட்டில்டா. வாய் விட்டும் சில பேர்கிட்ட சொல்லியிருக்கேன். மன்னிச்சுடு. இப்படி ஒரு மனசை வச்சுக்கிட்டு வெளியே காட்டிக்காம இருந்திருக்கே" என்றார். அடுத்த வருஷம் செயலாளராக என் பெயரைச் சொல்லப் போவதாகவும் சொன்னார்.

நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தேன். "அதெல்லாம் பெரிய விஷயமில்லை அக்கா" என்று வந்தது. சொன்னது நான்தானா என்று எனக்கே திகைப்பாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அலமாரிக்கு அடியிலிருந்த தூக்கை எடுத்துத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, அரைத் தூக்கு பொன்னியை ஒரேயடியாகக் கொட்டினேன். பிடிக் கணக்கெல்லாம் பார்க்கவில்லை.

சனிக்கிழமை முழுக்க என்ன பேசுவது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். என் கணவர் ஒரு பொருளைத் தவறுதலாக அரிசியில் வைத்துவிட்டார் என்று ஆரம்பிக்கலாம். ஆனால் அந்த அரிசி ஏன் சாராள் வீட்டுக்குப் போயிற்று என்று ஆண்கள் பக்கத்தில் யாராவது கேட்டால்? எப்படி ஆரம்பித்தாலும் பேச்சு கடைசியில் அந்த ரேஷன் அரிசியில் போய்த்தான் நின்றது. என் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேர் அந்தச் சபையில் இருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆயர் ஜெபசீலன், "சாட்சி சொல்கிறவர்கள் சொல்லலாம்" என்றார். ஒருவர் சொன்னார். கடைசி வரிசையில் சாராள் என்னையே பார்த்துக்கொண்டிருப்பது திரும்பாமலே தெரிந்தது. எழுந்துவிடலாம் என்று முன்பெஞ்சைப் பிடித்தேன். கை பிடித்தது, கால் எழவில்லை. "வேறு யாராவது?" என்றார் ஆயர். அவர் புத்தகத்தைத் திறக்கப் போனபோது சாராள் எழுந்தாள்.

"ஐயா, போன வாரம் நான் சொன்னது தப்பு. அது ஆண்டவர் எனக்குக் குடுத்தது இல்ல. இன்னொருத்தர் தவறவுட்ட பொருளு. ஒடையவங்க கைக்குப் போயிடிச்சி. கர்த்தர் குடுத்தாருன்னு நானா சொல்லிக்கினேன். எல்லாரும் என்னை மன்னிச்சிக்கோங்க."

ஸ்தோத்திரம் சொல்ல யாருமில்லை. ஆயர் திகைத்துப்போய், "யாருடையது அம்மா?" என்று கேட்டார். "அது வேணாங்கய்யா" என்றாள். எனக்குப் பின்னால் ஒருத்தி இன்னொருத்தியிடம், "மாட்டிக்கிட்டதும் கொடுத்திருப்பா, வேற என்ன" என்று கிசுகிசுத்தது தெளிவாகக் கேட்டது. அப்போது ஆண்கள் பக்கத்தில் நடைபாதையை ஒட்டி உட்கார்ந்திருந்த என் கணவர் எழுந்தார். கையில் கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு, "ஐயா, ஒரு நிமிஷம்" என்றார். நடைபாதைக்கு இந்தப் பக்கம் நான். எப்படிச் செய்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எட்டி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். முதுகுப் பக்கம் சட்டை கிழிந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, பயந்துபோயிருந்தார்.

இரண்டு வரிசைக்கு முன்னாலிருந்து ரத்தினபாய் அக்கா திரும்பி, முதலில் என் கையைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர் பக்கத்திலிருந்தவர்களும் திரும்பினார்கள். எந்த ரேஷன் அரிசியை மறைக்க அவர் சட்டையைப் பிடித்தேனோ, அது பெண்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் என் வகுப்புப் பிள்ளைகள்தான்.

ஆயர் பாட்டு எண்ணைச் சொன்னார். சபை எழுந்தது. சாராள் பின்னால் தனியாக நின்றுகொண்டிருந்தாள், அவள் பெஞ்சில் இருந்தவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். அவள் அப்போதும் என்னைத்தான் பார்த்தாள். நான் புத்தகத்தைப் பிரித்து, எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினேன்.